டேலியாப் பாத்தியில் மாரக்காள்

அன்று குன்னூர் ஓவியக்கூடத்தில் இருந்தவர்கள் மூவர்: ஆசிரியை ஞானசௌந்தரி அம்மையார், அவரிடம் பயின்றே தலை நரைத்துவிட்ட மாணவர் திருவரங்கம், செல்லக்கனி என்னும் பெண். செல்லக்கனியின் தாய் மாரக்காள் அந்தக் கூடத்தின் தோட்டத்தில் களை பறித்தவள். முந்தைய வாரம் டேலியாப் பாத்தியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள், எழவில்லை.

தாங்கியில் திருவரங்கத்தின் ஓவியம் இருந்தது. பாத்தியில் குனிந்து வேலை செய்யும் மாரக்காள். கோடுகள் இல்லை. காலை ஒளியைச் சிறு சிறு நிறத் தீற்றல்களாகப் பிடிக்கும் இம்ப்ரெஷனிசப் பாணி.

செல்லக்கனி கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

“இதுல எங்கம்மா எங்கங்கய்யா? வெறும் சாயமால்ல இருக்கு.”

“தள்ளி நின்று பாரம்மா.”

சுவர்வரை பின்வாங்கினாள். முதுகு தெரிந்தது. இழுத்துச் செருகிய சேலை தெரிந்தது.

“முகம்?”

“இந்தப் பாணியில் முகம் முக்கியமில்லை. ஒளிதான்.”

“பூவுக்கெல்லாம் இத்தனை அப்பியிருக்கீங்க. எங்கம்மா மூஞ்சிக்குப் பொட்டளவு மிஞ்சலையா?” அவள் குரல் தாழ்ந்தது. “பதினாறாம் நாள் மாலை போட வீட்டுல ஒரு போட்டோ இல்லைங்கய்யா. முகத்தை மட்டும் எழுதிக் குடுங்க.”

திருவரங்கம் ஆசிரியையிடம் திரும்பினார்.

“முகம் எழுதினால் ஓவியம் கெடும். எழுதாவிட்டால் இந்தப் பெண் வெறுங்கையோடு போவாள். நான் எதைச் செய்வது, அம்மா?”

அம்மையார் தூரிகையை எடுத்து நீட்டினார்.

“எழுது.”

திருவரங்கம் வண்ணத்தைத் தொட்டார். தூரிகை ஓவியத்துக்கு முன்னால் நின்றது. நின்றபடியே இருந்தது.

“ஏன்?”

“முகம் நினைவுக்கு வரவில்லை.”

“மழை விட்டதிலிருந்து நாள் தவறாமல் அவளைப் பார்த்து எழுதினாய்.”

“குனிந்தே இருந்தாள், அம்மா.”

“ஒருமுறைகூட நிமிரவில்லையா?”

திருவரங்கம் செல்லக்கனியைப் பார்க்கவில்லை.

“கடைசி நாள், சாய்வதற்குச் சற்று முன், நிமிர்ந்தாள். ‘அப்படியே குனிந்திரு, வெளிச்சம் போய்விடும்’ என்றேன். குனிந்துகொண்டாள்.”

“எதற்காக நிமிர்ந்தாள்?”

“நான் கேட்கவில்லை.”

அம்மையார் அவர் கையிலிருந்த தூரிகையை வாங்கிக் கந்தல் துணியில் துடைத்தார்.

“அப்படியானால் எதையும் சேர்க்க வேண்டாம். ஓவியம் முடிந்துவிட்டது. நீ பார்த்தது முழுவதும் இதில் இருக்கிறது.”

செல்லக்கனி வெறுங்கையோடு வெளியே நடந்தாள்.