மீசையப்பர் வீட்டு ஒரே வாசல்

ஒரு காட்டின் ஓரத்தில் பெரிய மண்மேடு ஒன்று இருந்தது, குழந்தைகளே. மேட்டின் கிழக்குப் பக்கத்து வளையில் மீசையப்பர் என்ற வெள்ளெலி குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். மேற்குப் பக்கத்து வளை அவருடைய சம்பந்தி தலையாட்டியுடையது. மீசையப்பருக்குப் பேசப் பிடிக்கும். தலையாட்டி எதற்கும் ஆமாம் போடுவார். அதனால் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போயிற்று.

ஒரு நாள் மீசையப்பருக்கு ஓர் ஆசை வந்தது.

"சம்பந்தி, நீங்கள் பெண்ணைக் கொடுத்தீர்கள், நாங்கள் எடுத்தோம். இன்னும் நடுவில் இந்த மண்சுவர் எதற்கு? இடித்துவிட்டு ஒரே வீடாக இருப்போம். காடே வாயைப் பிளக்க வேண்டும்!"

"பேஷாகச் செய்யலாம்" என்றார் தலையாட்டி.

சுவர் இடிந்தது. பிள்ளைகள், மருமகள், பேரன் பேத்திகள் என்று இருபத்து மூன்று எலிகள் ஒன்றாகக் குடியேறின.

வெள்ளெலி வளை என்றால் முன்னால் ஒரு வாசல் இருக்கும், பின்னால் ஒரு தப்புவழி இருக்கும். தப்புவழியின் வாயை மெல்லிய மண்ணால் மூடி வைத்திருப்பார்கள். பாம்பு வந்தால் முட்டித் திறந்துகொண்டு ஓடலாம். ஆக, இரண்டு வளைக்கும் சேர்த்து நான்கு வழி. மீசையப்பர் அவற்றைச் சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது வீடா, சத்திரமா? ஒரு குடும்பத்துக்கு ஒரு வாசல் போதும். மற்றதையெல்லாம் அடையுங்கள்!"

"பாம்பு வந்தால்?" என்று கேட்டாள் அவர் மனைவி கூர்மூக்கி.

"வரட்டுமே! இருபத்து மூன்று பேர் சேர்ந்து நின்றால் பாம்பு திரும்பிப் பார்க்காமல் ஓடும். தப்புவழி வேண்டும் என்கிறவருக்கு இந்தக் குடும்பத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அப்படி யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம்."

யார் தூக்குவார்கள்? எல்லாரும் கை தட்டினார்கள். மூன்று வழிகளையும் கல் வைத்து, களிமண் குழைத்து அடைத்தார்கள். மீசையப்பர் வெளியே போய், வருவோர் போவோரிடமெல்லாம் "இருபத்து மூன்று பேர்! ஒரே வாசல்!" என்று மார்தட்டினார். புதருக்குள் படுத்திருந்த சாரைப்பாம்பு அதைக் கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டியது.

அடுத்த சில நாட்களில் வீட்டுக்குள் கரகரவென்று சத்தம் கேட்டது.

"என்ன சம்பந்தி, உங்கள் மூலையில் சத்தம்?"

"பல் அரிக்கிறது சம்பந்தி. சுவரைச் சுரண்டினேன்."

மருமகளின் மூக்கெல்லாம் மண். "கோரைக்கிழங்கு தோண்டினேன், மாமா" என்றாள். மூத்தவனும் அதையே சொன்னான், இளையவனும் அதையே சொன்னான். வீட்டுக்கு ஒரு கிழங்கு கூட வந்து சேரவில்லை. "எவ்வளவு சுறுசுறுப்பான குடும்பம்!" என்று மீசையப்பருக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

ஒரு நடுப்பகலில் சாரைப்பாம்பு அந்த ஒரே வாசல் வழியாகத் தலையை நீட்டியது.

மீசையப்பர் கூடத்தின் நடுவில் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினார்: "ஒருவரும் அசையாதீர்கள்! சேர்ந்து நில்லுங்கள்!"

கண்ணைத் திறந்தால் கூடத்தில் ஈ காக்கை இல்லை.

மருமகளின் படுக்கைக்கு அடியில் ஓர் ஓட்டை. நெற்குவியலுக்குப் பின்னால் ஓர் ஓட்டை. சம்பந்தியின் மூலையில் ஓர் ஓட்டை. மீசையப்பருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சம்பந்தியின் ஓட்டைக்குள் பாய்ந்தார். தலை போயிற்று, தொந்தி போகவில்லை.

"சம்பந்தி! கையைக் கொடுங்கள்!"

ஓட்டையின் மறுமுனையில் தலையாட்டி திரும்பிப் பார்த்தார். ஆகட்டும் என்று தலையாட்டினார். போய்விட்டார்.

பின்னால் சாரைப்பாம்பு மீசையப்பரின் வாலைக் கவ்வியது. அலறிக்கொண்டே அவர் உதறியதில் வால் அறுந்தது. பாம்பு அந்த வாலை விழுங்கி முடிப்பதற்குள் யாரோ அவர் காலைப் பிடித்து ஓட்டையிலிருந்து பின்னால் இழுத்தார்கள். கூர்மூக்கிதான்! அவரை உருட்டிக்கொண்டுபோய்த் தங்கள் படுக்கைக்கு அடியிலிருந்த ஓட்டைக்குள் தள்ளினாள். தானும் நுழைந்து, தயாராக வைத்திருந்த கல்லால் வழியை அடைத்தாள்.

எல்லாரும் பக்கத்து வயல் வரப்புக்கு ஓடிச் சேர்ந்தார்கள். சாரைப்பாம்பு துரத்தவில்லை. விசாலமான கூடம் அதற்குப் பிடித்துப்போய் அங்கேயே குடியேறிவிட்டது.

மீசையப்பர் மூச்சு வாங்க மனைவியைப் பார்த்தார். "நீயுமா? எப்போதடி தோண்டினாய்?"

"நீங்கள் கையைத் தூக்கச் சொன்ன அன்றைக்கே. உங்கள் தொந்தியை அளந்துதான் தோண்டினேன்."

தலையாட்டி பக்கத்தில் வந்து குழைந்தார். "பார்த்தீர்களா சம்பந்தி, ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் வெளியே வந்துவிட்டோம். என்ன ஒற்றுமை!"

மீசையப்பர் வாலில்லாத இடத்தைத் தடவிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டினார்.

நீதி: வழியை அடைத்துவிட்டு ஒற்றுமை பேசுகிறவரின் வீட்டில், அவரைத் தவிர எல்லாரும் ஆளுக்கொரு வழி தோண்டி வைத்திருப்பார்கள்.