துப்பாக்கிக்குள் அடைத்த துணி

வேதாசலம் பாதி ஆயுளைப் போலீஸில் கழித்துவிட்டுத் தடய அறிவியல் கூடத்துக்கு வந்தவர். அவருக்குத் துப்பாக்கிப் பாடம் சொல்லித் தந்த சலேத்மேரி அவரைவிட வயதில் சின்னவர். குரு சீடரை 'சார்' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார்.

அன்று வேதாசலத்துக்கு அலுத்துப் போயிருந்தது. மேசையில் இன்னொரு நாட்டுத் துப்பாக்கி. தண்ணீர்க் குழாயில் செய்தது. சோளக் காட்டில் பன்றி விரட்ட வைத்திருந்ததாகச் சடையன் சொன்னான். அதே காட்டில்தான் பக்கத்துக் காட்டுக்காரர் சுடப்பட்டுக் கிடந்தார். சடையன் இப்போது சிறையில்.

அவன் மனைவி பூவாத்தாள் மறுபடியும் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். எப்போது வந்தாலும் அதே சேலைதான். மஞ்சளில் கிளிப்பச்சை மாங்காய் போட்டது. முந்தானையில் ஒரு மூலை கிழிந்து போயிருந்தது.

"அவரு கோழி அறுக்கவே பக்கத்தூட்டு ஆளைக் கூப்புடுவாருங்க" என்று அந்த முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். 

வேதாசலம் உள்ளே போனார்.

"மேடம், கம்பெனித் துப்பாக்கின்னா குழலுக்குள்ள வரி இருக்கும், குண்டுல கீறல் விழும். இது வெறும் குழாய். போட்டது உடைஞ்ச இரும்பு. எதையும் எதோடயும் ஒப்பிட முடியலை. தெரியலைன்னு எழுதிடவா?"

"எழுதினா?"

"அவன் வீட்டுக்குப் போவான்."

சலேத்மேரி துப்பாக்கியை எடுத்து நீட்டினார். "வெடிமருந்துக்குப் பதிலா மணலைப் போட்டு அடைச்சுக் காட்டுங்க."

வேதாசலம் மணலைப் போட்டார். இரும்புத் துண்டுகளைப் போட்டார். சலேத்மேரி குழாயைக் கவிழ்த்தார். எல்லாம் தரையில் கொட்டியது.

"சடையன் அடைச்சா கொட்டாதே, சார்."

"இதுக்கு மேல அவங்க எதையாவது திணிப்பாங்க, மேடம். தேங்கா நாரு, பழந்துணி... வீட்டுல கைக்குக் கிடைக்கிறது."

சொல்லிவிட்டு மேசையிலிருந்த புட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

காயத்துக்குள்ளிருந்து மருத்துவர் எடுத்த கறுப்புக் கந்தல் ஒன்று அதில் இருந்தது. செத்தவரின் சட்டைத் துணி என்று வேதாசலம்தான் ஒதுக்கி வைத்திருந்தார். வந்த நாள் முதல் இரும்பையே முறைத்துக்கொண்டிருந்த மனிதர்! இப்போது அதை இடுக்கியால் மெல்லப் பிரித்தார். மடிப்புக்குள் கரி ஏறாத இடம் மஞ்சளாக இருந்தது. மஞ்சளில் பாதி மாங்காய், கிளிப்பச்சையில்.

வேதாசலம் நாற்காலியில் உட்கார்ந்தார். இதற்காகவா இத்தனை பாடுபட்டுத் தேடினோம் என்றிருந்தது.

"ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சேலை வேணும், மேடம். அதை அந்தம்மா உடம்புல சுத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதுக்கு வேற சேலை கிடையாது. நான் இதைப் பார்க்கலைன்னு இருந்துடக் கூடாதா?"

 சலேத்மேரி அலமாரியைத் திறந்தார். கோர்ட்டுக்குப் போகும் நாளுக்கென்று தேய்த்து வைத்திருந்த தன் சேலையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இன்ஸ்பெக்டருக்குச் சொன்னா அந்தச் சேலையை எடுக்க ஆளுங்க வந்துடுவாங்க. அதுக்கு முந்தி அந்தம்மா இதைக் கட்டிக்கட்டும், சார்."