முப்பது கல்லும் ஒரு முள்ளும்

ஒரு காட்டில், குழந்தைகளே, மரம் இருந்தது, ஓடை இருந்தது. அது எந்தக் காட்டில்தான் இல்லை? இந்தக் காட்டில் கூடுதலாக ஒரு டாக்டரும் இருந்தார். அவர் ஒரு கரடி. மலையடிவாரத்துக் குகைதான் அவருடைய ஆஸ்பத்திரி. முள் எடுப்பார், எலும்பு கட்டுவார், காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயம் கொடுப்பார். அதற்கும் அடங்காவிட்டால் முள்ளம்பன்றி முள்ளால் ஊசி போடுவார்.

டாக்டர் கரடியார் கெட்டிக்காரர். கறாரானவரும்கூட. சிங்கமே வந்தாலும் வரிசையில்தான் வரவேண்டும். ஒரு நாளைக்கு முப்பது டோக்கன் என்று கணக்கு வைத்து, வாசலில் ஒரு மைனாவை உட்கார்த்தியிருந்தார். மைனாவுக்குச் சட்டம் என்றால் உயிர். சட்டத்தில் இல்லாததை அவள் கனவில்கூடச் செய்யமாட்டாள்.

டோக்கன் வேண்டும் என்றால் விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நிற்கவேண்டும். யார் நிற்பது? கால் வலிக்காதா? ஒருநாள் குரங்கு வாலப்பன் தான் நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தான்.

"மைனாக்கா, இந்தக் கல்தான் நான். பார்த்துக்கொள்!" என்று சொல்லிவிட்டு நாவற்பழம் தின்னப் போய்விட்டான்.

மைனா யோசித்தாள். கல் வைக்கக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. "சரி" என்றாள்.

அவ்வளவுதான்! மறுநாளே காடு முழுக்கக் கல் பொறுக்கக் கிளம்பிவிட்டது.

உடம்புக்கு முடியாதவர்கள் கல் வைத்தால் பரவாயில்லை. கல்லை முழுங்கினாலும் செரித்துவிடும் என்கிற திடகாத்திரமானவர்களும் வைத்தார்கள். "மத்தியானம் திடீரென்று வயிறு வலித்தால்? அந்த நேரத்தில் டோக்கனுக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது? எதற்கும் இருக்கட்டும்!" என்றார்கள். வாலப்பன் தனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்று என்று தினமும் ஐந்து கல் வைத்தான்.

கீரி செம்பியும் இரண்டு கல் வைத்தாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று அவளுடைய ஒரே மகள் அல்லிக்கு. இருவருக்கும் ஒரு தும்மல்கூடக் கிடையாது. எல்லோரும் வைக்கும்போது நாம் மட்டும் சும்மா இருந்தால் நாம்தானே ஏமாளி என்று அவள் நினைத்தாள்.

இப்படி இருக்கும்போது, ஒருநாள் அல்லியின் பின்னங்காலில் ஈச்சமுள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிட்டது.

முதல் நாள் பாதம் வீங்கியது. செம்பி பச்சிலை வைத்துக் கட்டினாள். இரண்டாம் நாள் வீக்கம் கணுக்காலைத் தாண்டியது. "அம்மா, அம்மா" என்று அனத்திக்கொண்டே இருந்த பிள்ளையை விட்டுவிட்டு இருட்டோடு கல் வைக்க ஓட முடியுமா? விடிந்தபிறகு மகளை முதுகில் சுமந்துகொண்டு போனாள். முப்பது கல்லும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"நாளைக்கு வா" என்றாள் மைனா.

மூன்றாம் நாள் வீக்கம் முழங்காலுக்கு வந்துவிட்டது. பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. அன்றைக்கும் விடிந்துதான் போக முடிந்தது. அன்றைக்கும் முப்பது கல்!

நோய் இல்லாதவன் விடியுமுன் துள்ளிக்கொண்டு வந்து கல் வைக்கிறான். நோய் வந்தவனால் எழுந்திருக்கவே முடியவில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது!

"மைனாக்கா, கொஞ்சம் கண் திறந்து பார். பிள்ளை நடக்கவே மாட்டேன் என்கிறாள்" என்று கெஞ்சினாள் செம்பி.

"டோக்கன் இருக்கா?"

"இல்லையே."

"அப்போ நாளைக்கு வா."

"வராதவர்களின் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு எங்களை உள்ளே விடேன்!"

"அது எப்படி? கல்லை வைத்தவர்தான் வந்து எடுக்கவேண்டும். ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை கூப்பிடுவேன். வேப்பமர நிழல் ஒரு சாண் நகரும்வரை காத்திருப்பேன். அப்புறம்தான் அடுத்த கல்" என்றாள் மைனா.

வரிசையின் கடைசியில் ஒரு கிழமான் தன் கல்லுக்குப் பக்கத்திலேயே படுத்து இருமிக்கொண்டிருந்தார். அவருடையது இருபத்தொன்பதாவது டோக்கன்.

"இந்த டாக்டருக்குத் தலைக்கனம், தாயி. நாள் முழுக்க நாலு பேரைப் பார்த்தால் அதிகம். நம்மையெல்லாம் மனதில் வைத்தால்தானே!" என்றார் அவர்.

மரத்தின் மேலிருந்து வாலப்பன் சிரித்தான். "விடியுமுன் எழுந்து ஒரு கல் வைக்கத் துப்பில்லை. அதற்குள் டாக்டர்மேல் குறையா?"

செம்பி அண்ணாந்து பார்த்தாள். "வாலப்பா, உனக்கு என்ன நோய்?"

"இன்னும் வரவில்லை."

"அப்போ உன் ஐந்து கல்லில் ஒன்றை எடுத்துக்கொள்ளேன். என் பிள்ளை பிழைத்துப்போகும்."

"நான் எடுத்த பிறகு எனக்கு ஏதாவது வந்தால்? அது போகட்டும், போன வாரம் முழுக்க உன் இரண்டு கல்லும் என் கல்லுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்ததே. அப்போது உனக்கு என்ன நோய்?"

செம்பிக்குச் சுருக்கென்றது. மகளைக் கிழமான் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, குகையை ஒரு சுற்றுச் சுற்றினாள். பின்பக்கம் பாறையில் ஒரு இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

உள்ளே டாக்டர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்!

"ஆகா! காலையிலிருந்து இரண்டே நோயாளிகள். காடே சௌக்கியமாக இருக்கிறது. எல்லாம் நம் கஷாயத்தின் மகிமை!" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தொப்பையைத் தடவினார்.

செம்பிக்கு வந்ததே ஆத்திரம்! "டாக்டர் ஐயா..." என்று வாயைத் திறந்தாள். படாரென்று தலையில் ஒரு கொத்து விழுந்தது. மைனாதான்.

"டோக்கன் இல்லாதவர் டாக்டரிடம் பேசக்கூடாது!"

"பேசக்கூடாது, சரி. அழலாமா?"

மைனா யோசித்தாள். "அழக்கூடாது என்று சட்டத்தில் இல்லை."

போதுமே! செம்பி நேரே வாசலுக்கு வந்தாள். கல் வரிசைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

"அஞ்சாங் கல்லே, என் அப்பனே!
அசையக்கூட முடியலையோ?
ஆறாங் கல்லே, என் ஆத்தாளே!
ஆவி இருக்கோ, போயிடுச்சோ?"

செம்பியின் தொண்டை லேசுப்பட்டதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த ஆடுகள்கூட மேய்ச்சலை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தன. டாக்டர் கரடியார் பதறியடித்து வெளியே ஓடி வந்தார்.

"யார் செத்தது? என்ன ஆயிற்று?"

டாக்டரே கேட்டால் பதில் சொல்லலாமே! செம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னும் யாரும் சாகவில்லை ஐயா. மைனாக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. ஒருவர்கூட எழுந்து வரவில்லை. எந்த நிலைமையில் கிடக்கிறார்களோ, பாவம்!" என்றாள்.

டாக்டர் மைனாவைப் பார்த்தார். "இன்று எத்தனை டோக்கன்?"

"முப்பது ஐயா. இரண்டு பேர் வந்து போனார்கள். மான் தாத்தா இருக்கிறார். மிச்சம் இருபத்தேழு பேர் வரவில்லை."

"தினமும் இப்படியா?"

"தினமும்தான் ஐயா."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"வந்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் உத்தரவு. வராதவர்களைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ! இருபத்தேழு பேர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள். நான் உள்ளே ஈ ஓட்டிக்கொண்டிருந்தேனே!"

"ஐயா, என் மகள் கால்..." என்று செம்பி மெல்ல இழுத்தாள்.

டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "பொழுது சாய்வதற்குள் முள்ளை எடுத்தாகவேண்டும், அம்மா. இல்லாவிட்டால் இந்தக் கால் தேறாது. ஆனால் உன் பிள்ளையாவது உன் முதுகில் ஏறி இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். அவர்களோ வரக்கூட முடியாமல் கிடக்கிறார்கள். முன்னால் டோக்கன் போட்டவர்களும் அவர்கள்தான். வீடு வீடாகப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன்!" என்று மருந்துப் பையைத் தூக்கினார்.

செம்பி பதறிப்போனாள். 'நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனே! இருபத்தேழு வீடு ஏறி இறங்கினால் பொழுது சாய்ந்து இருட்டியே போய்விடுமே! ஓட முடியாத கீரி இந்தக் காட்டில் எத்தனை நாள் பிழைக்கும்?' அல்லி கண்ணைத் திறக்காமலே முனகினாள். அந்த முனகலில் செம்பியின் மூளை விறுவிறுவென்று வேலை செய்தது.

"ஐயா, தாராளமாகப் போய் வாருங்கள். கிளம்புமுன் அந்தப் பாறைமேல் ஏறி ஒரு குரல் மட்டும் கொடுத்துவிடுங்கள். என்னென்ன வைத்தியம் செய்யப்போகிறீர்கள் என்றும் விவரமாகச் சொல்லிவிடுங்கள். நோயாளிகளுக்கு அது ஒரு தெம்பாக இருக்கும்."

"நல்ல யோசனை!" என்றார் டாக்டர். பாறைமேல் ஏறி நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"கல் வைத்துவிட்டு வர முடியாமல் கிடப்பவர்களே! கவலையே வேண்டாம்! நானே வீட்டுக்கு வருகிறேன்! ஆளுக்கு ஒரு பானை நிலவேம்புக் கஷாயம்! எழுந்திருக்கவே முடியாத அளவுக்கு நோய் முற்றியிருப்பதால் ஆளுக்கு நாலு ஊசி! முழ நீள முள்ளாகப் பார்த்து எடுத்திருக்கிறேன்! பத்து நாளைக்குப் பத்தியம்! பழம் கிடையாது, இறைச்சி கிடையாது, உப்பில்லாக் கஞ்சி மட்டும்தான்!"

அப்புறம் பார்க்கவேண்டுமே, புழுதி பறந்தது!

முதலில் நரி வந்தான். "எனக்கு இப்போது நன்றாக இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று கல்லைக் கவ்விக்கொண்டு ஓடினான். முயல் தன் கல்லை உருட்டிக்கொண்டே ஓடியது. காட்டுப்பன்றி, "இது என் கல்லே இல்லை" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு போனது. வாலப்பன் ஒரே தாவலில் மரத்திலிருந்து குதித்து, ஐந்து கல்லையும் மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடினான்.

"எட்டு காலி! ஒன்பது காலி! பத்தும் பதினொன்றும் காலி!" என்று மைனா கத்திக் கத்தியே களைத்துப்போனாள்.

புழுதி அடங்கியபோது ஒரே ஒரு கல்தான் மிச்சம். அது கிழமானுடையது.

கிழமான் எழுந்தார். அல்லியைப் பார்த்தார். "மைனா, என் முறையை நான் இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாமா?"

"கூடாது என்று சட்டத்தில் இல்லை."

"அப்போ நீ முதலில் போ தாயி. என் இருமலுக்கு ஒன்றும் அவசரமில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, அதற்கும் வயதாகிவிட்டது."

செம்பி மகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். டாக்டர் கூரான நகத்தால் கீறி, முள்ளைக் கவ்வி ஒரே இழுப்பாக இழுத்தார். அல்லி வீல் என்று ஒரு கத்துக் கத்தினாள். சீழ் வெளியேறியது. மருந்து வைத்துக் கட்டிய சற்று நேரத்தில் பிள்ளை மூன்று நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்க ஆரம்பித்தாள்.

"கால் தப்பித்தது. பத்து நாளில் உனக்கு முன்னால் ஓடுவாள்" என்றார் டாக்டர். செம்பி அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாசலில் அழுததுதான் நாடகம், இது நிஜம்.

பிறகு கிழமான் உள்ளே போனார். டோக்கன் கிடைக்காமல் பல நாளாகத் திரும்பிப் போனவர்கள் செய்தி கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். பல்வலி அணில் வந்தது. சிறகு சுளுக்கிய மயில் வந்தது. மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பேரைப் பார்த்துவிட்டார் டாக்டர். அப்போதும் அவருக்கு ஒரு சந்தேகம் தீரவில்லை.

"இருபத்தேழு பேருக்கும் ஒரே நொடியில் எப்படிக் குணமாயிற்று?"

"உங்கள் குரலிலேயே மருந்து இருக்கிறது ஐயா" என்றாள் செம்பி, முகத்தைப் பாவம்போல் வைத்துக்கொண்டு.

அந்த நேரத்தில், "ஐயோ, அம்மா, செத்தேன்!" என்று நொண்டிக்கொண்டே வந்தான் வாலப்பன். ஓடிய வேகத்தில் மார்பிலிருந்த ஐந்து கல்லில் ஒன்று நழுவி, கால் பெருவிரலை நசுக்கிவிட்டது. வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருதிருவென்று விழித்தான்.

"மைனாக்கா, நான் எத்தனாவது?"

"நீதான் அடுத்தது."

"எனக்கு முன்னால்?"

"யாரும் இல்லை. உள்ளே போ."

வாலப்பனுக்கு நம்பவே முடியவில்லை. தயங்கித் தயங்கி உள்ளே போனான். ஊசி இறங்கியபோது அவன் போட்ட சத்தத்தில் அணிலுக்குப் பல்வலியே மறந்துபோயிற்று. கட்டுப்போட்ட விரலோடு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"போனதும் பார்த்துவிட்டாரே, செம்பி! தினமும் இவர் இப்படிப் பார்த்தால் என்ன?"

தூங்கும் மகளை முதுகில் ஏற்றிக்கொண்டாள் செம்பி.

"தினமும் இப்படித்தான் பார்த்திருப்பார், வாலப்பா. நீயும் நானும்தான் அவர் வாசலைக் கல்லால் அடைத்துவிட்டோம்."

நீதி: எதற்கும் இருக்கட்டும் என்று நாம் பிடித்துவைக்கும் இடம், இன்றே தேவைப்படும் ஒருவரிடமிருந்து பறித்த இடம்.