மணியைத் தொலைத்த ஆள்காட்டி

குளக்கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி வாழ்ந்தது. வெள்ளமோ வேடனோ வந்தால் கத்தி எச்சரிப்பது அதன் வேலை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போகவே, அது கணினி பழகி ஒரு செயலி எழுதத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் போதும், கரையில் உள்ள எல்லோர் போனிலும் அபாய மணி அடிக்கும்!

"அக்கா, சீக்கிரம் முடி!" என்றது கரை வளையில் குடியிருந்த எலி சுண்டி. "மேற்கே கறுத்துக்கிட்டு வருது. என் குஞ்சுங்க இன்னும் கண்ணே திறக்கல!"

"இதோ, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துட்டு எல்லாருக்கும் அனுப்பிடறேன்!"

ஓட்டிப் பார்க்க எமுலேட்டரைத் திறந்தது செம்மூக்கி. கணினிக்குள்ளேயே ஒரு போனைப் போல நடிக்குமே, அதுதான் எமுலேட்டர். அதில் செயலியைத் தொட்டது. அது திறக்காமல், காத்திருக்கச் சொல்லும் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. செம்மூக்கிக்குத் தலையும் சேர்ந்து சுற்றியது.

"ஏன் இப்படி இழுக்குது? நேத்து எழுதினது தப்பா, இன்னைக்கு எழுதினது தப்பா?"

கிளையிலிருந்து குரங்கு எட்டிப் பார்த்தது. கணினியைத் தொட்டே அறியாதது. ஆனால் யோசனைக்கு மட்டும் பஞ்சமில்லை.

"உன் செயலியில கனம் ஜாஸ்தி! படத்தையெல்லாம் தூக்கு!"

தூக்கியது. வட்டம் சுற்றியது.

"வண்ணத்தை அழி!"

அழித்தது. வட்டம் சுற்றியது.

"எனக்கென்னவோ வேகமாத்தான் தெரியுது!" என்று சொல்லிவிட்டு ஆமை தன் வழியே போனது.

"அப்போ மணிதான் கோளாறு. அதையும் எடு!" என்றது குரங்கு.

"மணிக்காகத்தானே இந்தச் செயலியே?" என்று இழுத்தது செம்மூக்கி. ஆனால் குழம்பிய புத்திக்கு எந்தக் குரலும் வேதவாக்குத்தானே! நகல்கூட எடுத்துவைக்காமல் மணியையும் அழித்தது. அப்போதும் வட்டம் சுற்றியது.

சுண்டி திரையை உற்றுப் பார்த்தது. "ஒண்ணுமே இல்லாத செயலி எப்படிக்கா கனக்கும்? என் போன்ல போட்டுத்தான் பாரேன்!"

போட்டது. கண்மூடித் திறப்பதற்குள் செயலி திறந்துகொண்டது! வெறும் வெள்ளைத் திரை.

"ஐயோ! செயலியில ஒரு கோளாறும் இல்ல!" என்று அலறியது செம்மூக்கி. "தன்னையே சுமக்க முடியாத இந்தப் பழைய கணினி, உள்ளே இன்னொரு போனையும் சுமந்து திணறியிருக்கு! நான் நல்லா இருந்த மணியைப் போய் அழிச்சுட்டேனே!"

சடசடவென்று மழை இறங்கியது. குளம் தளும்பியது. வேறு வழியின்றிச் செம்மூக்கி கட்டிய தொண்டையோடு கரை நெடுகப் பறந்து பறந்து கத்தியது. சுண்டி குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்த்தது. கடைசிக் குஞ்சோடு அது வெளியே வரவும், வளைக்குள் தண்ணீர் புகவும் சரியாக இருந்தது.

இலைகள் அடர்ந்த கிளையில் நனையாமல் உட்கார்ந்திருந்த குரங்கு கேட்டது: "ஏன் இப்படிக் கத்துறே? உன் செயலியில மணி இல்லையா?"

கோளாறு எங்கே என்று பார்க்காமல் வெட்டத் தொடங்கினால், நல்லதுதான் முதலில் வெட்டுப்படும்.