மெழுகு தேயாத நாலடி

“தம்பி, எனக்கு எப்போ சின்னப் பலகை தருவீங்க?”

கேட்டவர் மங்கையர்க்கரசி. வயது நாற்பத்தேழு. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

தேசப்பனுக்கு இருபத்து மூன்று. மீனவர் குப்பத்துக் கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டீச்சருக்கு அவன்தான் வாத்தியார்.

“ஏன் டீச்சர், இந்தப் பலகைக்கு என்ன?”

“எட்டு மாசமா இதே ஒன்பதடி. எனக்கப்புறம் சேர்ந்த காலேஜ் பசங்கல்லாம் ஆறடிக்குப் போயிட்டாங்க. என்னைப் பார்த்தா, ‘கப்பல் வருது, ஒதுங்குங்கடா’ங்கிறாங்க.”

“ஒதுங்குறாங்க இல்ல? நல்லதுதானே.”

டீச்சர் சிரிக்கவில்லை.

“தருமபுரிக்கு மாத்தல் வந்திருக்கு. இன்னும் நாலு ஞாயிறுதான். அங்கே கடலுக்கு எங்கே போறது? போறதுக்குள்ள, நானும் தேறிட்டேன்னு இருக்கணும் தம்பி.”

தேசப்பன் கொட்டகைக்குள் போய் ஆறடிப் பலகையை எடுத்து வந்தான்.

ஒன்றரை மணி நேரம் போனது.

ஏறிப் படுத்ததுமே பலகை பாதி அமிழ்ந்தது. தோள் கழன்றுவிடும்போலக் கையால் தண்ணீரைத் தள்ளினார். அலை அவருக்கு அடியில் புகுந்து, அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்குப் போனது. ஒரே ஒரு அலை பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. எழுந்து நிற்பதற்குள் பலகை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

கரையேறும்போது காலேஜ் பையன் ஒருவன் பலகையை வாங்கித் தூக்கி வந்தான். அன்று யாரும் கப்பல் என்று சொல்லவில்லை.

அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

“எனக்கு வராது தம்பி. இன்னியோட விட்டுடறேன்.”

“சரி டீச்சர். ஒரு வேலை மட்டும் இருக்கு.”

கால் வழுக்காமலிருக்கப் பலகை மேல் மெழுகு தேய்ப்பார்கள். ஒரு பலகையை விடுகிறவர், அடுத்து வருகிறவருக்காகத் தன் கையால் மெழுகு தேய்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். தேசப்பனிடம் படித்தவர்கள் யாரும் அதைச் செய்யாமல் போனதில்லை.

ஒன்பதடிப் பலகை மணலில் கிடந்தது. டீச்சர் மண்டியிட்டார்.

“முழுசுமா தேய்க்கணும்?”

“தேய்ஞ்ச இடத்துல மட்டும் போதும்.”

நடுவில், படுத்துப் படுத்து மெழுகு மங்கியிருந்தது. அதற்குப் பின்னால், பாதத்தின் அளவுக்கு இரண்டு இடம் வெறும் பலகையாய் வழவழத்தது. மூன்றையும் தேய்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

முன்பக்கம் கையை ஓட்டிப் பார்த்தார். மெழுகு கடுகு கடுகாய் உள்ளங்கையில் நெருடியது. முதல் நாள் அவர் கைக்கு வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே.

சாண் போட்டு அளந்தார். நாலடிக்கு மேல்.

“இங்கெல்லாம் தேயவே இல்லையே தம்பி.”

“யாரும் போகலை டீச்சர்.”

“அங்கே போய் நிக்கலாமா?”

“நடக்கலாம். அலை ஓடிட்டிருக்கும்போதே, ஒவ்வொரு அடியா, பலகையோட மூக்கு நுனி வரைக்கும்.”

டீச்சர் அந்த இரண்டு பாதத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம். ஆணி அடித்ததுபோல அங்கேயே.

“நீங்க சொல்லவே இல்லையே?”

“நீங்க சின்னப் பலகையைப் பத்தித்தானே கேட்டீங்க.”

டீச்சர் கையில் ஒட்டியிருந்த மெழுகை மணலில் தேய்த்துத் துடைத்தார்.

“இதை அடுத்து எடுத்துக்கப் போறவங்க எப்போ வருவாங்க, தம்பி?”

தேசப்பன் குனிந்து, பலகையின் வாலில் தொங்கிய, காலில் கட்டிக்கொள்ளும் கயிற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

“வந்துட்டாங்க டீச்சர்.”