குடைக் கடைக் கோப்பு

எங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். ஐவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகவும், அது நீண்ட விடுப்பில் போய்விட்டதாகவும் ஊரில் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை. நானும் அந்த ஐவரில் ஒருவன்.

சண்டை வந்த கடைக்கு சீல் வைப்போம். வியாபாரிகள் சமாதானமாகி ஒப்பந்தம் எழுதி வந்தால், அதற்கு ஒப்புதல் கொடுத்துச் சீலை எடுப்போம். மொய்தீனும் தேவசகாயமும் கூட்டாகக் குடைக் கடை நடத்தியவர்கள். சித்திரையில் சண்டை, வைகாசியில் சமாதானம். எங்கள் ஒப்புதல் கையெழுத்து விழாததால், ஐப்பசி பிறந்தும் கடை திறக்கவில்லை.

"மழை விட்டப்புறம் குடையை வச்சு என்ன சார் பண்றது? வருஷத்துச் சோறே இந்த ரெண்டு மாசம்தான்" என்றார் மொய்தீன். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நல்லவேளையாக, தாமதத்தைக் குறைக்க மேலிடத்து உத்தரவு வந்தது: எந்தக் கோப்பும் ஒரே மேசையில் ஒரு நாளுக்கு மேல் இருக்கக் கூடாது.

தினமும் ஐந்து மணிக்குக் கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளினோம். ஐந்தாம் மேசையிலிருந்து அது மறுபடி முதல் மேசைக்கு வந்தது. அதைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று உத்தரவில் இல்லை.

வெள்ளிக்கிழமை சிக்கல் வந்தது.

"நாளைக்கும் மறுநாளும் லீவு. ரெண்டு நாள் ஒரே மேசையில கிடக்குமேய்யா!" என்று பதறினார் கண்காணிப்பாளர் பத்மநாபன்.

எங்கள் ஐவரில் ஒருவரான வசந்தகோகிலம் அம்மா வெகுநேரம் யோசித்தார். "நாற்காலியைப் பத்தி உத்தரவுல ஒண்ணும் இல்லீங்களே சார்."

எல்லோரும் கைதட்டினோம். கோப்புகள் நாற்காலி ஏறின, அன்றிலிருந்து நாங்கள் நின்றோம். ஆனால் நின்றபடி கையெழுத்துப் போட்டு பத்மநாபன் சாருக்குப் பழக்கமில்லை.

அடுத்த வாரம் அடைமழை. கூரை ஒழுகிக் கோப்புகள் மேல் சொட்டியது.

"குடை வாங்குங்கய்யா!" என்று கத்தினார் பத்மநாபன் சார்.

"ஊர்ல இருக்கிற ஒரே குடைக் கடைக்கு நாமதான சார் சீல் வச்சிருக்கோம்" என்றேன்.

அவசரத்துக்குப் பாவமில்லை. பழக்கமில்லாவிட்டாலும், பத்மநாபன் சார் குனிந்து ஒரு கிறுக்குக் கிறுக்கி, பத்தே நிமிடத்தில் சிறப்பு அனுமதி கொடுத்தார்: அரை மணி நேரம் கடையைத் திறக்கலாம், அலுவலகத்துக்கு ஐந்து குடை வாங்க மட்டும். அனுமதி எழுதிய குடைக் கடைக் கோப்பு நனையாமல் இருக்க அதை என் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். வியாபாரிகள் இருவரும் உள்ளே வர அனுமதியில் இடமில்லை. அவர்கள் தெருவில் நனைந்தார்கள்.

நாங்கள் ஐவரும் உள்ளே போய்க் குடைகளை ஒவ்வொன்றாக விரித்து ஓட்டை பார்த்தோம். அரை மணி முடிந்ததும் வெளியே வந்து எண்ணினோம். குடை ஐந்தும் சரியாக இருந்தது. ஷட்டரை இறக்கி, அரக்கு உருக்கி, சீல் வைத்தோம்.

உள்ளேயிருந்து ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"யோவ், நான் உள்ளே இருக்கேன்யா!" பத்மநாபன் சாரின் குரல்.

"சீலை உடைங்க சார்" என்றார் தேவசகாயம்.

"கண்காணிப்பாளர் கையெழுத்து இல்லாம எப்படிங்க உடைக்கிறது?" என்றார் வசந்தகோகிலம் அம்மா.

மொய்தீன் சட்டென்று என் சட்டைக்குள்ளிருந்து கோப்பை உருவினார். ஷட்டருக்கு அடியிலிருந்த சந்தில் அதைப் பேனாவோடு உள்ளே தள்ளினார். "போடுங்க சார், ஒரே ஒரு கையெழுத்து! நீங்களும் வெளியே வரலாம், எங்க கடையும் திறந்துடும்."

நாங்கள் ஷட்டரில் காதை வைத்தோம். மழை கொட்டியது.

கடைசியில் உள்ளேயிருந்து வருத்தமாகக் குரல் வந்தது:

"கோப்பு வந்துடுச்சு, பேனாவும் வந்துடுச்சு. உட்கார ஒரு நாற்காலி அனுப்புங்கய்யா!"