முகம் தெரியாத கபடி நேரலை

மந்திகுளத்துக் கபடிப் போட்டியைச் செல்போனில் நேரலையாகக் காட்டும் பொறுப்பு உச்சிமாகாளி, மாசானம், சுடலைக்கண்ணு மூவரிடமும் வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஊரில் வேறு யாரும் சும்மா இல்லை என்பதுதான் அவர்களுடைய தகுதி.

விழாச் செயலாளர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஆடுறவங்க சம்மதிச்சாச்சு. வேடிக்கை பார்க்கிறவங்க மூஞ்சி மட்டும் கேட்காம தெரியக்கூடாது."

உச்சிமாகாளி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் அண்ணன் மனைவி முப்பிடாதி, புருஷன் ஆடுவதைப் பார்ப்பதற்காக, காய்ச்சல் என்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"கொழுந்தனாரே, என் மூஞ்சி அதுல வந்துச்சுன்னா சூப்பர்வைசர் ஞானதுரை சீட்டைக் கிழிச்சிருவாரு."

"நான் இருக்கேம்லா மைனி."

அதைக் கேட்டபின்தான் அவளுக்கு உண்மையாகவே காய்ச்சல் வரும்போலிருந்தது.

"முதுகைக் காட்டினா மூஞ்சி தெரியாதுல்லா?" என்றான் மாசானம்.

கூட்டம் முழுவதும் களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைக்கப்பட்டது. ஜனங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. முதுகுக்குப் பின்னால் நடக்கும் ஆட்டத்தை அவரவர் செல்போனில் பார்த்துக் கைதட்டினார்கள்.

கடைசி ஆட்டம். அண்ணன் பாடிக்கொண்டு போய் மூன்று பேரைச் சாய்த்தான். முப்பிடாதி தன்னை மறந்து திரும்பி, எழுந்து குதித்தாள்.

"நிறுத்துலே!" என்றான் மாசானம்.

"நிறுத்தினா அது எப்பிடிலே நேரலை?" என்றான் சுடலைக்கண்ணு. "கையை வச்சு மறைச்சா ஆட்டம் தெரியாது. பார்க்கிறவனைக் கண்ணை மூடச் சொல்லு."

உச்சிமாகாளி தொண்டையைச் செருமினான். "அன்பர்களே, பச்சைச் சேலையில் குதிப்பவர் எங்கள் மைனி முப்பிடாதி. அவர் முகம் யாருக்கும் தெரியக்கூடாது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளவும். முக்கியமாக மில் சூப்பர்வைசர் ஞானதுரை அண்ணாச்சி. மூடியவர்கள் 'மூடியாச்சு' என்று கமெண்ட் போடவும்."

'மூடியாச்சு' மழையாகக் கொட்டியது.

"கண்ணை மூடிட்டு எப்பிடிலே எழுதுனான்?" மாசானத்துக்குச் சந்தேகம்.

"எழுத்துப் பிழையைப் பாரு. மூடிட்டுத்தான் எழுதியிருக்கான்" என்றான் சுடலைக்கண்ணு.

முப்பிடாதி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்து ஞானதுரையிடமிருந்து ஒரு கமெண்ட் வந்து விழுந்தது: 'முப்பிடாதி, காய்ச்சல் இப்போ எப்படி இருக்கு?'

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உச்சிமாகாளிக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தீங்களா மைனி! மனுசன் கண்ணைத் திறக்கவே இல்ல. பார்த்திருந்தா காய்ச்சல் இல்லைன்னு தெரிஞ்சிருக்குமே!"

பிறகு, கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று, போனை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தான்.

"அண்ணாச்சி, கண்ணைத் திறந்துராதீங்க. மைனி பேசுதாவ."